மழைக் கைதட்டல்

தலைமைப் பயிற்சி என்று யாராவது உற்சாகமாகச் சொன்னால் இப்போது எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. தூத்துக்குடியில் சில வருடங்கள் நானும் அந்தப் பிழைப்பைத்தான் பார்த்தேன். மீன் விற்கும் பெண்களில் இருபது பேரைப் பொறுக்கி, ஏசி போட்ட கல்யாண மண்டபத்தில் உட்காரவைத்து, தலைவிகளாக ஆக்கி அனுப்புவது என் வேலை. பணம் ஒரு கம்பெனியுடையது, வாய் என்னுடையது.

அப்படி ஒரு குழுவின் இருபது பேரில் ஒரு அக்கா. ஏலக்கூடத்தில் மீன் எடுத்து பஸ்ஸில் ஏரலுக்குக் கொண்டுபோய் விற்பவர். முதல் நாள் எல்லாருக்கும் தண்ணீர் பாட்டில் கொடுத்தோம். அவர் மட்டும் மூடியைத் திறக்கவே இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"குடிக்காமயே பழகிட்டுது மேடம். விடியமுன்ன ஏலக்கூடத்துக்கு வந்தா வீடு திரும்ப மத்தியானம் ஆயிரும். ஆம்பளைங்க செவுத்தப் பாத்து நின்னுக்கிடுதாவ. நாங்க எங்கன போறது? ரெண்டு தரம் நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரில கெடந்தேன். புதுசா ஒரு கக்கூஸ் கெட்டிருக்காவ, பூட்டிக் கெடக்கு."

எனக்கும் தெரியும். ஏலக்கூடத்துக்குப் பின்னால் டைல்ஸ் பதித்து, கொட்டை எழுத்தில் கம்பெனியின் பெயர் எழுதி, மாதக்கணக்கில் நிற்கிறது. திறந்துவைக்க வேண்டிய பெரிய மனிதருக்கு நேரம் கிடைக்கவில்லை. அதுவரை பூட்டு. எங்கள் பயிற்சிக்குப் பணம் கொடுத்ததும் அதே கம்பெனிதான். தெரிந்தும் நான் "ச்ச்" என்று ஒரு அனுதாபத்தைக் கொட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனேன்.

அடுத்த பாடம், துணிந்து கேட்பது எப்படி! எழுந்து நில்லுங்கள், யாருக்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லுங்கள், ஒரே கோரிக்கை வையுங்கள், எப்போதைக்குள் நடக்கும் என்று கேளுங்கள். நான் கலெக்டராக நாற்காலியில் உட்கார, ஒவ்வொருவராக வந்து கேட்டுப் பழகினார்கள். அக்கா முதலில் தரையைப் பார்த்துத்தான் பேசினார். மூன்றாம் வாரம் கலெக்டராக இருந்த என்னிடமே தேதி வாங்கிவிட்டார். அடுத்த குழுப் பெண்களுக்கு இவரே வழிகாட்டி என்று பட்டியலில் முதல் பெயராக எழுதினேன். அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

நடுநடுவே தூக்கம் கலைய மழைக் கைதட்டல் வைப்பேன். உள்ளங்கையில் ஒரு விரலால் தட்டுவது, பிறகு இரண்டு, மூன்று, கடைசியில் முழுக் கை. தூறலாகத் தொடங்கி அடைமழையாகக் கொட்டும். நான் "மழை" என்று சொன்னால் போதும், இருபது பேரும் கையைத் தூக்கிவிடுவார்கள். பேரன் பேத்தி எடுத்தவர்களும் அதில் உண்டு.

நிறைவு விழாவுக்குக் கம்பெனி அதிகாரி வந்தார். சால்வை வாங்கிக்கொண்டு, பெண் சக்தி பற்றி அரை மணி நேரம் பேசி, "ஏதாவது கேக்கணும்னா தயங்காமக் கேளுங்க" என்றார். இப்படிச் சொல்கிற யாரும் கேள்வியை எதிர்பார்த்துச் சொல்வதில்லை. அக்கா எழுந்து நின்றார்.

"ஏலக்கூடத்துல மீன் எடுக்குற பொம்பளைங்களுக்காகக் கேக்கேன் சார். எங்களுக்கு அந்தக் கக்கூஸ் சாவி வேணும். வார வெள்ளிக்கெழமைக்குள்ள குடுப்பியளா?"

நான் சொல்லிக்கொடுத்ததில் ஒன்றையும் விடவில்லை. அதிகாரியின் முகம் சுருங்கியது. முன்வரிசையிலிருந்து எங்கள் பயிற்சி நிறுவனத்தின் மேலாளர் திரும்பி என்னை முறைத்தார். நான் மைக்கைப் பிடித்து, வாயெல்லாம் பல்லாக, "அருமை! அக்காவுக்கு ஒரு மழை!" என்றேன்.

தட்டினார்கள். ஒரு விரல், இரண்டு விரல், முழுக் கை. அக்கா இன்னும் ஏதோ சொல்வது தெரிந்தது, கேட்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் இருந்தவளும் தினமும் அடக்கிக்கொண்டு கிடப்பவள்தான். அவளும் சிரித்துக்கொண்டே தட்டினாள். சத்தம் ஓய்வதற்குள் நான் சான்றிதழ் வழங்கலை அறிவித்துவிட்டேன். அக்கா தன்னுடையதை வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போனார்.

வெள்ளிக்கிழமை வரை பொறுத்திருக்கிறார். சனிக்கிழமை காலையில் அவரும் மற்றப் பெண்களும் ஐஸ் கட்டி உடைக்கிற கம்பியால் பூட்டைப் பெயர்த்துவிட்டார்கள். மேலாளர் போனில் குதித்தார். "கம்பெனி சொத்துல கை வச்ச ஆளு நமக்கு எப்படி மென்டார்? சாதுவான ஆளாப் பாருங்க." நான் பட்டியலில் முதல் பெயரை அடித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையை நினைத்தால் இன்றைக்கும் அருவருப்பாக இருக்கிறது.

சாதுவான ஆள் தேடி மறுவாரம் காலையில் ஏலக்கூடத்துக்குப் போனேன். வழியில் இரண்டு டீ குடித்திருந்தேன். எட்டு மணிக்குள் அடிவயிறு முட்டிக்கொண்டது. யாரிடமும் கேட்க வாய் வராமல் மீன் பெட்டிகளுக்கு நடுவில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன். சாளை மீனைப் பாத்திரத்தில் அள்ளிக்கொண்டிருந்த அக்கா என்னைக் கவனித்துவிட்டு எழுந்து வந்தார்.

"நான்..." என்று ஏதோ தொடங்கினேன்.

"பேர அடிச்சிட்டியள்னு சொன்னாவ. அத விடுங்க. நிக்கமாட்டாம நிக்கியள, மொதல்ல வாங்க."

கழிப்பறைக்கு வெளியே நாலு பெண்கள் வரிசையில் நின்றார்கள். அக்கா அவர்களை ஒதுக்கி, வாளியில் தண்ணீர் நிரப்பிக் கொடுத்து, என்னை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார். தரை பளிச்சென்று இருந்தது. பினாயில் வாசம் அடித்தது. முறை வைத்துக் கழுவுகிறார்கள் போல. நான் உட்கார்ந்தேன். வெளியே யாரோ அவசரப்பட்டுக் கதவைத் தட்ட, அக்காவின் குரல் கேட்டது.

"ஏளா, செத்த பொறு. மேடம் உள்ள இருக்காவ. நம்மள மாதிரி அடக்கிப் பழக்கம் கிடையாதுல்லா அவியளுக்கு."

முடிந்த பிறகும் எனக்கு வெளியே வரத் துணிவு வரவில்லை.