அம்மா சொன்ன ஏழு இஸ்பேட்

பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் 'நாலு நோ ட்ரம்ப்' என்று அப்பா சொன்னால் அது ஏலம் அல்ல, விசாரணை. எதிரில் இருக்கும் கூட்டாளியின் கையில் எத்தனை ஏஸ் என்பது கேள்வி. 'ஐந்து டைமன்' என்றால் ஒன்று. கேட்டவர்தான் முடிவு சொல்வார்; பதில் சொன்னவர் அதன்பின் வாய் திறக்கக் கூடாது. ஆட்டம் தொடங்குமுன் இந்த ஏற்பாட்டை எதிராளிகளுக்கும் ஒப்பித்துவிடுவார், ரகசிய ஒப்பந்தம் குற்றம் என்பதால். அப்பா பாகூரில் நொத்தேர். ஊராரின் பத்திரங்களை எழுதிச் சான்று வைப்பவர். வீட்டையும் அப்படித்தான் நடத்தினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையோடு அவரும் அம்மாவும் பேசிப் பத்து நாள். நான் ஊர்ப் பள்ளிப் படிப்பை முடித்திருந்தேன். மாமா வீட்டில் தங்கிப் புதுச்சேரியில் மேலே படிக்கட்டும் என்றாள் அம்மா. பெண்ணுக்கு இது போதும் என்றார் அப்பா. தீர்ப்பு, மேல்முறையீடு கிடையாது. அதன்பிறகு "ஒங்கப்பாவ சாப்ட வரச்சொல்லு", "ஒங்கம்மாகிட்ட மோர் கேளு" என்று எல்லாம் என் வழியாகவே போய்வந்தன.

என்னை அழைத்துப்போக வண்டியோடு வந்த மாமா, மறுப்பைக் கேட்டுக்கொண்டு, கிளம்புமுன் கொஞ்சம் ஆடலாம் என்று உட்கார்ந்தார். மாமாவும் அத்தையும் ஒரு பக்கம். வழக்கம்போல் அப்பாவும் அம்மாவும் ஒரு பக்கம். கோபித்துக்கொண்டவர்கள் ஜோடி சேரக் கூடாது என்று விதியில் எங்கும் இல்லை.

கடைசிக் கை. அப்பா ஒரு இஸ்பேட் என்றார். மாமா பெருமையாக இரண்டு கிளாவர் என்றார். அம்மா மூன்று இஸ்பேட். நாலு நோ ட்ரம்ப் என்று விசாரித்தார் அப்பா. ஐந்து டைமன் என்றாள் அம்மா. தன்னிடம் இரண்டு, அம்மாவிடம் ஒன்று, மீதி ஒரு ஏஸ் எதிராளியிடம் என்று கணக்குப் பார்த்து, பதின்மூன்று பிடியில் ஒன்றை விட்டுக்கொடுத்து, அப்பா ஆறு இஸ்பேட்டில், அதாவது பன்னிரண்டு பிடியில், நிறுத்தினார்.

"ஏழு இஸ்பேட்," என்றாள் அம்மா.

அத்தையின் விசிறி நின்றுவிட்டது. அப்பாவின் காது சிவந்தது.

"இன்னாம்மா இது? அவருதான் முடிச்சிட்டாரே!" என்று சிரித்தபடி மாமா கிளாவர் ஏஸை மேசைமேல் அறைந்தார். "இந்தா மாப்ள, ஒரு பிடி போச்சு!"

விதிப்படி அம்மா தன் சீட்டுகளை மேசைமேல் விரித்தாள். அதில் ஒரு கிளாவர்கூட இல்லை. அப்பா அதிலிருந்த ஒரு சின்னத் துருப்பு இஸ்பேட்டை எடுத்து ஏஸை வெட்டினார். பதின்மூன்றும் எங்களுக்கே.

ஏஸை மட்டும் எண்ணும் கேள்வியில், கிளாவரே இல்லாத கையைச் சொல்ல இடமில்லை. மாமாவின் பெருமையிலிருந்தே ஏஸ் யாரிடம் என்று கண்டுகொண்டாள் அம்மா. பிறகு பெரிய கிளப்புகளில் எத்தனையோ ஆட்டம் பார்த்துவிட்டேன். அப்படி ஒரு ஏழு இஸ்பேட்டைக் கேட்டதில்லை.

"கிளாவர் இல்லன்னு எப்படியாச்சும் சொல்லியிருக்கலாம்ல?" என்றார் அப்பா. என்னிடம் அல்ல.

"நீங்க ஏஸத்தான கேட்டீங்க."

அப்பா சீட்டுகளை அடுக்கினார். ஐம்பத்திரண்டும் இருக்கிறதா என்று சரிபார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "பொட்டிய வண்டியில ஏத்துடி," என்றார்.

"தோத்ததுக்கு எனக்குப் பரிசா, மாப்ள?" என்றார் மாமா.

வண்டி நகரும்போது அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். என்னைச் சேர்த்துக்கொள்ளும்படி புதுச்சேரிப் பள்ளித் தலைவிக்கு பிரெஞ்சில் எழுதி, முத்திரையும் வைத்திருந்தார். நான் பெட்டி எடுக்கப் போன நேரத்தில் எழுதியிருப்பார் என்று எண்ணினேன். ஆனால் முந்தின திங்கட்கிழமைத் தேதி போட்டிருந்தது. தேதியில் ஒருநாளும் பிசகாத மனிதர், அவசரத்தில் தப்பாக எழுதிவிட்டார் பாவம் என்று, திருத்துவதற்கு மாமாவிடம் பேனா கேட்டேன்.