துரை காருக்குக் குளிர்பெட்டி

எங்கள் தோட்டத்துத் துரையிடம் ஒரு கார் இருந்தது. இரண்டே பேர்தான் உட்காரலாம். பச்சை நிறம், தரையைத் தொட்டுவிடுகிற மாதிரி தாழ்வாக, மூக்கு மட்டும் நீளமாக இருக்கும். சண்டைக்கு முந்தின வண்டி, பந்தயத்தில் ஓட்டுகிற ஜாதி. ஜப்பான்காரன் காலத்தில் ஆலைக்குள் ரப்பர் ஷீட்டை அடுக்கி, அதற்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார்களாம். பெண்டாட்டியைச் சீமைக்கு அனுப்பிவிட்டு அந்த மனுஷன் காரோடுதான் குடும்பம் நடத்தினார். கேலிக்குச் சொல்லவில்லை. அந்தக் காரை நினைத்தாலே எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும்.

மலாயாவில் அவசரகாலம் வந்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட்டுகள் துரைமார்களின் காரைத் தார்ச்சடக்கில் மறித்துச் சுட்டார்கள். அதனால் ஊரில் உள்ள எல்லாத் துரைமார்களும் காருக்கு இரும்புத் தகடு அடித்துக்கொண்டார்கள். எங்கள் துரையும் அடித்தார். துணிக் கூரை போய்த் தகரக் கூரை வந்தது. ஜன்னலுக்குத் தகடு, வெளியே பார்க்க விரலகலத்துக்கு ஒரு சந்து. வெயிலில் அதற்குள் உட்கார்ந்தால் இட்லிச் சட்டிக்குள் உட்கார்ந்த கதைதான். துரை வெந்து போனார். அமெரிக்காவில் காருக்குக் குளிர்பெட்டி வைக்கிறார்கள் என்று யாரோ கிளப்பில் சொல்ல, சிங்கப்பூருக்கு எழுதி ஒன்றை வரவழைத்தார்.

மாட்டுகிற வேலை என் வீட்டுக்காரர் தலையில் விழுந்தது. அவர் ஆலை இஞ்சின் பார்ப்பவர். அதற்கு முன்னால் மலாக்கா டவுனில் ஐஸ் பேக்டரியில் ஆறு வருஷம் இருந்தவர். கேஸ், குழாய், குளிர் எல்லாம் அவருக்கு அத்துப்படி. "எலிப்பொந்துல யானையைக் கட்டச் சொல்றாரு" என்று முதல் நாள் முணுமுணுத்தார். பிறகு வாயை மூடிக்கொண்டு வேலையில் இறங்கிவிட்டார். அந்தக் கார் ஓடினால்தான் என் தம்பி வீட்டுக்கு வருவான் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

தம்பி பால்மரம் வெட்டுகிறவன், ரப்பர் பால் எடுக்கிற வேலை. பத்தொன்பது வயது. அந்தக் காலத்தில் தோட்டத்துக் கம்பிவேலியைத் தாண்டி ஒரு பருக்கை சோறு போகக்கூடாது. காட்டில் இருக்கிறவர்களுக்குப் போய்ச் சேரும் என்று சட்டம். இருட்டோடு வேலைக்குப் போனவர்கள் மத்தியானம் திரும்பி வந்துதான் சாப்பிட வேண்டும். இவனுக்குப் பசி தாங்காது. பால் வாளிக்குள் இரண்டு பொட்டலம் சோறு வைத்துக்கொண்டு போய் மாட்டிக்கொண்டான். ஒன்று அவனுக்கு. இன்னொன்று கூட வெட்டுகிற அண்ணனுக்கு. அந்த அண்ணன் பெண்டாட்டிக்கு முந்தின நாள்தான் பிள்ளை பிறந்தது, வீட்டில் உலை வைக்க ஆளில்லை. போலீஸ்காரர்கள் இதையெல்லாம் கேட்பார்களா? ஒருத்தனுக்கு எதற்கு இரண்டு பொட்டலம் என்றார்கள். முகாமில் போட்டார்கள். பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்போவதாகக் கடுதாசி வந்தது. அட பாவிகளா! பிறந்தது இந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில். இந்தியா கிழக்கா மேற்கா என்றுகூட அவனுக்குத் தெரியாது.

எங்கள் ஆபீஸ் கணக்கு பார்க்கிற பெரிய கிராணி ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற மனுஷர், இரக்கமுள்ளவர். அவர்தான் விசாரித்து வந்து சொன்னார். அடுத்த வாரம் வியாழக்கிழமை மலாக்காவில் இவனை விசாரிக்க ஒரு கமிட்டி கூடுகிறது. துரை நேரில் போய், இவன் என் ஆள், எனக்குத் தெரியும் என்று ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுவார்கள். நேரில் போக வேண்டும், அதுதான் முக்கியம். கிராணி ஐயாவே துரையிடம் பேசினார். துரை சரி என்றார். ஆனால் அந்த அடுப்புக்குள் உட்கார்ந்து பதினாறு கட்டை, பதினாறு மைல் தூரம் போகமாட்டேன், குளிர்பெட்டி முடியட்டும், வியாழக்கிழமை போகிறேன் என்றார்.

அந்த வியாழக்கிழமைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

இப்போது என் கதையைச் சொல்கிறேன். தம்பி போன பிறகு, தோட்டத்துக் கம்பிவேலி வாசலில் பெண்களைச் சோதிக்க ஒரு பெண் ஆள் வேண்டுமென்று போலீஸ் கேட்டது. கிராணி ஐயா என் பெயரைச் சொன்னார். குடும்பத்தின் மேலே இருக்கிற கறை போகட்டும் என்று நினைத்தார் போல. ஆண்களை எஸ்.சி. என்கிற மலாய்க்கார ஸ்பெஷல் கான்ஸ்டபிள் சோதிப்பார். பெண்களை நான். வெளியிலிருந்து உள்ளே வரும் சாமான் எல்லாம் என் மேசைக்கு வரும். டின் எதுவானாலும் ஆணியும் சுத்தியலும் வைத்து ஓட்டை போட்டுத்தான் உள்ளே விட வேண்டும். ஓட்டை விழுந்த டின்னைக் காட்டில் பதுக்கி வைக்க முடியாது, கெட்டுப்போகும். சார்டின், பால் டின், நெய், எதையும் விட்டதில்லை நான்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? "தம்பிக்காரன் காட்டுக்குச் சோறு தூக்குனான், அக்காக்காரி வாசல்ல சட்டம் பேசுறா" என்று காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் என் காதில் விழும்படியே பேசினார்கள். அதனால் எனக்கும் வீராப்பு ஏறிவிட்டது. கைப்பிள்ளைக்காரி கொண்டுவந்த பால் டின்னில்கூடப் பார்த்துப் பார்த்து இரண்டு ஓட்டை போடுவேன். என்னை யாரும் ஒரு சொல் சொல்லக்கூடாது, அவ்வளவுதான்.

வியாழனுக்கு நாலு நாள் முன்னால் என் வீட்டுக்காரர் டவுனிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் ஒரு டின். ஈயம் வைத்து மூடியது, மேலே இங்கிலீஷ் எழுத்து. மேசையில் வைத்துவிட்டு, "இது குளிர்பெட்டிக்கு ஊத்துற எண்ணெய். ஒண்ணே ஒண்ணுதான் கெடைச்சுது. இதைத் தொடாதே" என்றார்.

எனக்குப் புரிந்தது. அதை மறைக்க மாட்டேன். புரியாமல் செய்திருந்தால் இன்றைக்கு இவ்வளவு பேச வேண்டியதில்லை.

அவருக்குப் பின்னால் வரிசையில் பத்துப் பதினைந்து பேர். அதில் ஒருத்தி, எங்கள் லயத்தில் பக்கத்து வீட்டுக்காரிதான், "புருஷன் டின்னுன்னா ஆணி எறங்காது லா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எஸ்.சி. திரும்பிப் பார்த்து, "இனி மின்யாக் அபா?" என்றார். இது என்ன எண்ணெய் என்று கேட்கிறார். நான் டின்னைத் தூக்கிக் குலுக்கினேன். தேங்காயெண்ணெய் டின் மாதிரியேதான் தளும்பியது. சமையல் எண்ணெய்க்கும் அதே சட்டம்தானே! என் வீட்டுக்காரர், "ஏய், வேணாம்" என்றார். ஆணியை வைத்து ஒரே போடு போட்டேன். சிரிப்பு நின்றது. எனக்கு அப்போது பெருமையாகக்கூட இருந்தது என்றால் நம்புவீர்களா? யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது.

அவர் டின்னை எடுத்துக்கொண்டார். கட்டைவிரலால் ஓட்டையைப் பொத்திக்கொண்டு நடந்தார்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "ஓட்டைதானே போட்டேன், எண்ணெய் கொட்டலையே?"

"அந்த எண்ணெய் உப்பு மாதிரி. காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும். ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போனாலும் குழாயில இருக்கிற ஊசி ஓட்டையில போய் ஐஸா கட்டிக்கும். குளிர் நின்னுரும்."

"சரி, வேற வாங்குங்க."

"சிங்கப்பூர்லேருந்து வரணும். ரெண்டு வாரம்." டின்னை மூலையில் வைத்துவிட்டு, "துரைகிட்ட சொன்னா உன் வேலையும் போயிரும்" என்றார்.

மழை மாதம் வேறு. அவர் அந்த எண்ணெயை அடுப்பில் வைத்து மெதுவாகச் சூடு காட்டினார், ஈரம் போகட்டும் என்று. நான் பக்கத்தில் உட்கார்ந்து மாரியம்மாவை வேண்டிக்கொண்டேன். புதன்கிழமை சாயங்காலம் துரையை ஏற்றித் தோட்டத்துக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார்கள். குளிர் வந்தது. துரை இறங்கி என் வீட்டுக்காரர் முதுகில் தட்டிக்கொடுத்தார். குளிர் வெளியே போகாமல் இருக்கக் கதவைச் சுற்றி ரப்பர் ஒட்டி, பார்க்கிற சந்துக்கும் கெட்டிக் கண்ணாடி வைத்து அடைத்திருந்தது. அந்தக் காரில் திறக்க இனி ஜன்னல் என்று ஒன்று இல்லை.

வியாழன் காலை பத்து மணிக்குத் துரை கோட்டுப் போட்டுக்கொண்டு கிளம்பினார். வாசலில் நான்தான் கும்பிட்டு வழிவிட்டேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதே கார் திரும்பி வந்தது. கதவைத் திறந்துகொண்டு துரை விழுந்து எழுந்தார். முகம் இரத்தமாகச் சிவந்து, கோட்டு நனைந்து, மூச்சு வாங்கியது. மூன்று மைல் தாண்டி, மலாக்காவிலிருந்து எண்ணினால் பதிமூன்றாம் கட்டையில், குளிர் நின்றுவிட்டதாம். கதவைத் திறந்து நிற்கலாமென்றால் இரண்டு பக்கமும் பால்மரக்காடு. பயந்துபோய் அப்படியே திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் ஓடி வந்தார். "என் தப்புதான் துரை" என்றார். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூடியைத் திறந்து குழாயைத் தொட்டுப் பார்த்தார். அதற்குள் உள்ளே கட்டியிருந்த ஐஸ் உருகிவிட்டது. இஞ்சினைப் போட்டால், ஐயோ, ஜிலுஜிலுவென்று காற்று வருகிறது! "வருது துரை, இப்ப போகலாம் துரை" என்று கெஞ்சினார். எனக்குத் தாங்கவில்லை. ஓடிப்போய்க் காலில் விழுந்தேன். "லாரியிலயாவது போங்க துரை, என் தம்பி துரை" என்றேன். கிராணி ஐயா அதை இங்கிலீஷில் சொன்னார்.

துரை கெட்டவரில்லை. அதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. கெட்டவராக இருந்தால் சபித்துவிட்டுப் போயிருப்பேன். தலைவலிக்கிறது, குளிக்க வேண்டும், நாளைக்கு நல்லபடியாக ஒரு கடுதாசி எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு பங்களாவுக்குப் போனார். சொன்னபடி எழுதவும் எழுதினார். அது போய்ச் சேர்வதற்குள் கமிட்டி முடிவு சொல்லிவிட்டது.

கப்பல் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு முறை பார்க்க விட்டார்கள். நான் மட்டும் போனேன். முள்கம்பிக்கு அந்தப் பக்கம் தம்பி. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கமிட்டியில் அவனை உள்ளே கூப்பிட்டு இரண்டு கேள்வி கேட்டு வெளியே அனுப்பிவிட்டார்களாம். அதற்குப் பிறகு யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்று அவனுக்குத் தெரியாது.

"துரை வந்தாராக்கா?" என்றான் முதலில்.

வரவில்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்பான். "வந்தாருடா" என்றேன்.

"என்ன சொன்னாரு?"

"நல்ல பையன், என் ஆளுன்னு சொன்னாரு."

அவன் முகம் மலரும் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தான்.

"துரையே வந்து நல்லவன்னு சொல்லியும் அனுப்புறாங்கன்னா, அப்ப நான் ஏதோ பெரிய தப்பு செஞ்சிருக்கேன். எனக்குத்தான் தெரியல. என்ன தப்புக்கா அது? நீ வாசல்ல வேலை செய்யிற, உனக்குத் தெரியும். சொல்லுக்கா."

தெரியும். வாயைத் திறந்தேன். "வேளாவேளைக்குச் சாப்பிடு தம்பி" என்றுதான் வந்தது.