ஸ்டீபன் அண்ணனுக்கு நான் தேர்ந்தெடுத்த கேம்ஷாஃப்ட்

போன ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்கிக்கொண்டு சிராங்கூன் ரோட்டைக் கடக்க நின்றேன். சிக்னலில் ஒரு சிவப்பு டூ-சீட்டர்... கூரை திறந்த பழைய பிரிட்டிஷ் கார். பக்கத்தில் நின்றவர்கள் கைபேசியை எடுத்துப் படம் பிடித்தார்கள். நான் மட்டும் ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

ஓட்டிவந்தவர் ஸ்டீபன் அண்ணன். பக்கத்து இருக்கை காலி. அதற்குக் காரணம் நான்.

அண்ணன் குவீன்ஸ்டவுன்காரர். கப்பல் பட்டறையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். வெகுநாள் ஆசைப்பட்டு வாங்கிய கார் அது. இத்தகைய பழைய கார்களை இங்கே சட்டப்படி ஆண்டில் சில நாள்கள்தான் ரோட்டில் எடுக்க முடியும். அந்த நாள்களில் மனைவி மேரி அக்காவை சர்ச்சுக்கும், அப்படியே ஈஸ்ட் கோஸ்ட் பக்கமும் அழைத்துப்போக வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

இன்ஜின் தேய்ந்திருந்தது. பிரித்து மறுபடி கட்ட வேண்டிய நிலை. எனக்குக் கார் பைத்தியம் உண்டென்று அவருக்குத் தெரியும். உதிரிபாகக் கேட்டலாக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

கேம்ஷாஃப்ட் என்பது இன்ஜினுக்குள் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு. அதன் வடிவம்தான் இன்ஜின் எப்படி மூச்சுவிடும் என்பதைத் தீர்மானிக்கிறது. சாதாரணத் தண்டு போட்டால் மெதுவாகப் போகும்போதும் சீராக ஓடும். ரேஸ் தண்டு போட்டால் வேகத்தில் பறக்கும்; ஆனால் சிக்னலில் நின்றால் குலுங்கும், திணறும். அண்ணன் விரல் வைத்தது சாதாரணத்தின் மேல்.

நான் விடுவேனா? "இவ்ளோ கஷ்டப்பட்டு இன்ஜினைப் பிரிச்சுட்டு மறுபடியும் அதே பழைய தண்டா அண்ணே?" என்றேன்.

ஒர்க்‌ஷாப் லிம் அங்கிள் ரேஸ் தண்டு வேண்டாம் என்றார். இந்த ஊரில் நூறு அடிக்கு ஒரு சிக்னல், எங்கே போய்ப் பறக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். நான் இணையத்தில் படித்ததையெல்லாம் எடுத்துவிட்டேன். அண்ணன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி இவ்ளோ படிச்சிருக்காரு. அவரு சொல்றதையே போட்டுருங்க லா."

மேரி அக்காவுக்கு அதற்குச் சில மாதங்கள் முன்புதான் இதய ஆபரேஷன் நடந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவன்தான் நான். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை.

முதல் சவாரி. பெருமையாக என் காரில் பின்னாலேயே போனேன். ஒவ்வொரு சிக்னலிலும் அந்த வண்டி உடம்பெல்லாம் உதறியது. அணைந்துவிடாமல் இருக்க அண்ணன் ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தார். அக்கா ஒரு கையால் கதவைப் பிடித்திருந்தார்; இன்னொரு கை நெஞ்சில்.

பிடோக் பகுதி வந்ததும் அண்ணன் ஓரமாக நிறுத்தினார். அக்கா இறங்கி என்னிடம் வந்தார். முகமெல்லாம் வியர்வை.

"ஒண்ணுமில்ல தம்பி, கொஞ்சம் படபடன்னு வருது. உங்க கார்லயே வந்துடறேன்."

ஏசியைக் கூட்டிவைத்தேன். அக்கா மெல்லச் சொன்னார்: "எனக்கு முடியலன்னு அவர்ட்ட சொல்லிடாதீங்க. வெயில் ஒத்துக்கலன்னு சொல்லிக்கலாம்."

மறுநாளே, வண்டி ரொம்பக் குலுங்குகிறது என்று மட்டும் அண்ணனிடம் சொல்லிவிட்டு, லிம் அங்கிளிடம் போய் நின்றேன். இன்ஜினை மறுபடி இறக்கி, சாதாரணத் தண்டைப் போட இரண்டு மாதம் ஆயிற்று. அங்கிள் 'அப்போதே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணனும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்... இப்போது அந்த இன்ஜின் பூனை மாதிரி ஓடுகிறது.

அக்காவைக் கூப்பிட நானே வீட்டுக்குப் போனேன். வண்டி சரியாகிவிட்டது, ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள் என்று கெஞ்சினேன். தேநீர் கொடுத்துவிட்டுச் சிரித்தார்.

"பயம் வந்துடுச்சு தம்பி. அவரு ஆசைக்கு ஓட்டட்டும், விடுங்க."

தண்டை மாற்றிவிடலாம். பயத்தை எந்த ஒர்க்‌ஷாப்பில் மாற்றுவது?

நம்மிடம் ஒருவர் யோசனை கேட்டால் உடனே நமக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டிவிடுகிறோம். அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்கும் பொறுமை மட்டும் இருப்பதில்லை.

நேற்று ஒரு நண்பர் எந்த லேப்டாப் வாங்கலாம் என்று மெசேஜ் அனுப்பியிருந்தார். "யாருக்கு?" என்று திருப்பிக் கேட்டேன். இந்த ஒரு சொல்லைக் கற்றுக்கொள்ள, நான் இன்னொருவர் இன்ஜினைக் கெடுக்க வேண்டியிருந்தது!