மாதாவின் பட்டும் கோழி ஒளித்த அங்கியும்

தையல்காரனுக்கு ஊரிலுள்ளவர்களின் இடுப்பளவெல்லாம் தெரியும், நாக்களவு மட்டும் முன்கூட்டித் தெரியாது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மிச்சம் படித்ததெல்லாம் மெஷினடியில்தான். கோயிலோ பள்ளிவாசலோ, ஏதாவது ஒரு சபைக்கு உழைத்துக் கொடுத்துப் பேச்சும் வாங்கியவர்கள் இதை வாசித்தால் என்னோடு சேர்ந்து பல்லைக் கடிக்கலாம்.

மட்டக்களப்பு வாவிக்கரையில் என் கடை. சுவாமிமார் என்று நாங்கள் சொல்கிற ஃபாதர்மாரின் அங்கி, பீடத் துணி, முதல் நன்மை வாங்கும் பிள்ளைகளின் வெள்ளை உடுப்பு எல்லாம் தைப்பேன். ஆனால் எனக்குப் பெரியது ஒன்றுதான். வருடாவருடம் திருநாளுக்கு மாதாவின் சொரூபத்துக்குப் புதுப் பட்டு மேலாடை சாத்துவார்கள். முன்பு என் தகப்பன் தைத்தார், பிறகு நான். இந்த வருடம் அதை என் கையிலிருந்து பிடுங்கினார்கள். ஏன் என்று கேளுங்கள்.

கொழுத்த ஜெபப்புத்தகம்

ரொஷான் என்று ஒருவன். எங்கள் பங்குக் கோயிலிலேயே ஞானஸ்நானம் பெற்றவன், இப்போது தாடியும் கமராவுமாகத் திரிகிறான். கடைக்கு வந்து, படத்துக்கு ஃபாதரின் அங்கி ஒன்று வேண்டும் என்றான். என்ன படம் என்று கேட்டேன். அந்தோனியாரைப் பற்றி என்றான். செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துகிற வீடு என்னுடையது. அதற்கு மேல் நான் என்ன கேட்பேன்?

துணி வெட்டப் போகும்போது, உள்பக்கத்தில் ஒரு பை வேண்டும், நல்ல அகலமாக, முழங்கை இறங்கும் ஆழத்துக்கு என்றான். அங்கிக்குள் அவ்வளவு பெரிய பை எதற்கு என்றேன். பாவி, கண்ணைக்கூட இமைக்கவில்லை.

"ஜெபப்புத்தகம் வைக்கண்ணே. அந்தக் காலத்துப் புத்தகம், கொஞ்சம் கொழுத்தது."

சொர்க்கத்துக்குக் கிராம சேவகர் கடிதம்

படப்பிடிப்பு முடிந்து அங்கி திரும்பி வந்தது. இரண்டாம் பாகம் எடுக்கப்போகிறானாம், விளிம்பு கிழிந்திருக்கிறது, தைத்து வையுங்கள் என்று போட்டுவிட்டுப் போனான். எங்கள் புதிய பங்குச் சுவாமியாருக்குத் திருநாளுக்காக நான் தைத்து முடித்த அங்கிக்குப் பக்கத்தில் அதையும் சுவர்க் கொழுவியில் தொங்கவிட்டேன். இரண்டும் வெள்ளை, கிட்டத்தட்ட ஒரே அளவு.

அந்தக் கிழமையே படம் எல்லோருடைய போனுக்கும் வந்துவிட்டது. என் மனைவி ரீற்றா போட்டுக் காட்டினாள். காணாமல் போனதையெல்லாம் கண்டுபிடித்துக் கொடுக்கும் அந்தோனியார், தன் அடையாள அட்டையைத் தொலைத்துவிட்டுப் பொலிசுக்கு அலைகிறார். சொர்க்கத்தின் சாவியை வைத்திருக்கும் இராயப்பர் வாசலில் நின்று, கிராம சேவகர் கடிதம் இல்லாமல் உள்ளே விடமாட்டேன் என்கிறார். இறைச்சி தொடக்கூடாத பெரிய வெள்ளிக்கிழமையில் ஒரு சுவாமியார் பொரித்த கோழியை முழுசாக அங்கிக்குள் ஒளித்துக்கொண்டு சிலுவைப்பாதைக்குப் போகிறார். என் பை! என் தையல்! ரீற்றா ஒவ்வொரு தடவையும் சிரித்துவிட்டு உடனே நெற்றியில் சிலுவை போட்டாள். எனக்கும் இராயப்பரின் இடத்தில் சிரிப்பு வந்தது, அதனால் கோபம் இரட்டித்தது.

கடைசியில் எழுத்தோடியது. 'உடையலங்காரம்: சந்தியாப்பிள்ளை.' என் பெயர் அதுவரை வாக்காளர் இடாப்பைத் தவிர வேறெங்கும் வந்ததில்லை. ரொஷானுக்குப் போன் எடுத்து வாயில் வந்ததெல்லாம் பேசினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்:

"பேர் சின்னதா விழுந்திட்டு எண்டுதானே அண்ணே கோவம்? ரெண்டாம் பாகத்தில பெரிசாப் போடுறன்."

தலைவர் இறக்கிய அங்கி

அடுத்த நாளே பங்குச் சபைத் தலைவர் வந்தார். இந்த மனிதரின் மூன்று பெண்பிள்ளைகளுக்கும் கல்யாண உடுப்பு நான்தான் தைத்தேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கோயிலை நக்கலடிக்கிறவனுக்கு உடுப்புத் தைத்த கையால் மாதாவுக்குத் தைக்கக்கூடாதாம். கொழும்பில் ஆயத்த மேலாடை ஒன்று சொல்லியாகிவிட்டதாம். என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்டாரா? இல்லை.

ஃபாதரின் அங்கியையும் இப்போதே தா என்றார். நான் எழும்புவதற்குள் அவரே கையை நீட்டிக் கொழுவியிலிருந்து ஒன்றை இறக்கினார். அது படத்து அங்கி. விளிம்பு தைத்திருந்தேன், கழுவக்கூட இல்லை. "தலைவர், அது..." என்று வாயெடுத்தேன்.

"வாய மூடு சந்தியாப்பிள்ளை. உன்ட கதை ஒண்டும் எனக்குத் தேவையில்ல."

மூடிக்கொண்டேன்.

முதல் வெட்டு

காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன் மீராலெப்பை காக்காவிடம்தான் வருடாவருடம் பட்டு எடுப்பேன். அவருக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. நீலப் பட்டுச் சுருள் வந்தால் முதல் வெட்டு மாதாவுக்கு. அதை வெட்டிச் சுற்றி மேல்தட்டில் வைத்த பிறகுதான் மற்றவர்களுக்கு விற்பார். இந்த வருடம் வேண்டாம் காக்கா, என்னை நிறுத்திவிட்டார்கள் என்று சொல்லத்தான் போனேன். சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினேன். அது ஆத்திரத்தில், வேறொன்றுமில்லை.

காக்கா முழுவதையும் கேட்டார். கோழி வந்த இடத்தில் மேசையில் தட்டிச் சிரித்தார். பிறகு மேல்தட்டிலிருந்து பட்டை இறக்கி என் மடியில் வைத்தார்.

"வேணாமெண்டு சொன்னது தலைவர்தானே? அந்தம்மா சொன்னாவா? கொண்டு போய்த் தைங்க."

தைத்தேன். யாரும் கேட்காத மேலாடையை, கரையில் நட்சத்திரம் வைத்து, வீம்புக்குத் தைத்தேன்.

பூனை செய்த புதுமை

திருநாள் கொடியேற்றத்துக்கு அடுத்த ஞாயிறு, ஃபாதர் பிரசங்கத்தில் ரொஷானின் படத்தை ஒரு பிடி பிடித்தார். விசுவாசத்தைச் சிரிப்பாக்குகிறவர்கள், அவர்களுக்குத் துணை போகிறவர்கள் என்று அரை மணித்தியாலம். துணை போனவனாகிய நான் கடைசி வரிசை வாங்கில் இருந்தேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஃபாதரின் அங்கியைப் பார்த்தேன். கோழி ஒளித்த அங்கியைப் போட்டுக்கொண்டு கோழிப் படத்தை ஏசுகிறார்!

கோயில் வளவில் ஒரு மஞ்சள் பூனை உண்டு. பூசை முடிந்து ஃபாதர் படியிறங்க, அது எங்கிருந்தோ வந்து அங்கியை முகர்ந்துகொண்டு பின்னாலேயே நடந்தது. அவர் நின்றால் நின்றது. கையால் விரட்டினார், போகவில்லை. பூசையில் எனக்கு முன்வாங்கில் இருந்த திரேசக்கா வளவில் நின்று கைகூப்பிக்கொண்டு பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள்:

"பாத்தியாகா? வாயில்லாச் சீவனுக்கும் விளங்குது, இவர் அர்ச்சிஷ்டர், அந்தோனியார் மாதிரி."

ஓட்டோவுக்குள் ஒருவர்

திருநாளுக்கு முதல் நாள் காலையில் ஃபாதரே அதே அங்கியில் கடைக்கு வந்தார். கையில் கொழும்பு மேலாடை. கல்யாணப் பெண்ணின் அளவில் வந்திருக்கிறது. மாதாவின் தோளில் நிற்காமல் வழுகி விழுகிறதாம், பவனியில் மானம் போய்விடுமாம், குறைத்துத் தர முடியுமா என்று கேட்டார். பிடுங்கியவர் வந்து கேட்கட்டும் என்றேன்.

"அவர் வெளிய ஓட்டோக்குள்ளதான் இரிக்கார். இறங்க மாட்டாராம்" என்றார் ஃபாதர்.

அதுவரை அடக்கி வைத்ததெல்லாம் வந்துவிட்டது. ஓட்டோவுக்குக் கேட்கட்டும் என்றே கத்தினேன். பெரிய ஜெபப்புத்தகம் என்று ரொஷான் என்னை ஏமாற்றியதை, தலைவர் வாயை மூடு என்றதை, எந்த அங்கியை எடுத்துக்கொண்டு போனார் என்பதை, பூனை ஏன் பின்னால் வருகிறது என்பதை, ஒன்றுவிடாமல் சொன்னேன். ஃபாதர் மெதுவாக அங்கிக்குள் கையை விட்டார். கை முழங்கைவரை இறங்கியது. போனை வெளியே எடுத்து முகர்ந்து பார்த்தார். பிறகு அந்தச் சின்ன வயதுச் சுவாமி கதிரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

கொழும்புத் துணியை நான் தொடவில்லை. அலுமாரியைத் திறந்து என் நீலப் பட்டை எடுத்து மேசையில் விரித்தேன். ஃபாதர் சிரிப்பை நிறுத்தி, இதைத்தான் மாதாவுக்குச் சாத்த வேண்டும் என்றார். தலைவரைக் கூப்பிட்டு, நீங்களே இரண்டு கையாலும் வாங்கிக் கொண்டுபோங்கள் என்றும் சொன்னார். தலைவர் இறங்கினார். மன்னிப்பு என்ற சொல் வரும் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பட்டைத் தூக்கி, மறுபக்கம் புரட்டி, மடிப்பு மடிப்பாகத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இதுக்குள்ளயும் பை கிய் வெச்சிரிக்கியா?"

அடுத்த நாள் மாதா என் பட்டோடு வாவிக்கரை நெடுகப் பவனி வந்தார், தலைவர் முன்னால் குடை பிடித்துக்கொண்டு நடந்தார். மன்னிக்கிறது மாதாவின் தொழில், தைக்கிறது என் தொழில், ஒருவர் தொழிலில் மற்றவர் கை வைக்கக்கூடாது என்று நான் கடை வாசலிலேயே நின்றுகொண்டேன்.