தோசைக்கல்லில் சுட்ட கம்ப்யூட்டர்

எங்கள் கம்ப்யூட்டர் கண் திறந்ததும் முதலில் என்ன சொல்ல வேண்டும் என்பதில் எனக்கும் என் தோழிக்கும் நடந்த சண்டை, அந்தக் கம்ப்யூட்டரைச் செய்து முடித்த கதையைவிட நீளமானது.

கம்ப்யூட்டர் என்றால் கடையில் வாங்குவதல்ல. எண்பதுகளில் வீட்டு டிவியோடு இணைத்துப் பயன்படுத்திய ஒரு பழைய வகை. சுவிட்சைப் போட்டால் நீலத் திரையில் ‘Ok’ என்று இரண்டெழுத்து வரும். அதன் கீழே ஒரு சின்னக் கட்டம் நாம் தட்டச்சு செய்வதற்காகக் காத்திருக்கும். நாங்கள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே அதன் தயாரிப்பு நின்றுபோனது. பின்னே எங்களுக்கு அதில் என்ன பிரியம் என்று கேட்டால், ஒரு மனுஷியால் முழுக்கப் புரிந்துகொள்ள முடிகிற கடைசிக் கம்ப்யூட்டர் அதுதான் என்பேன். என் போனுக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெட்டிக்குள் நடப்பது ஒவ்வொன்றும் தெரியும்.

அதை மறுபடி செய்ய எஃப்பிஜிஏ என்று ஒரு சிப் இருக்கிறது. உள்ளே எந்த மின்சுற்றும் முடிவாகாத சிப். நாம் எழுதிக் கொடுப்பதைப் படித்து அதுவே தன் வயரிங்கை அமைத்துக்கொள்ளும். இன்றைக்குப் பழைய கம்ப்யூட்டர், நாளைக்கு டிராஃபிக் சிக்னல், எதுவாகவும் மாறும். சிப்புக்குள் போக வேண்டியதை நான் எழுதினேன். சிப் உட்காரும் போர்டை அவள் வரைந்தாள், வயர் செருகுகிற ஓரத்துக் கனெக்டர்களைத் தவிர. அவற்றை நான்தான் வரைவேன் என்று அடம்பிடித்து வாங்கினேன். இது பின்னால் வருகிறது.

சண்டைக்கு வருவோம். ‘Ok’ என்பதை எடுத்துவிட்டு நம் மொழியில் ஒரு சொல் போடலாம் என்றேன். நான் சொன்னது ‘சொல்லு’. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், அலுவலகத்தில் இங்கிலீஷ் என்று திருவனந்தபுரத்தில் வளர்ந்தவள் நான். என் கம்ப்யூட்டராவது என்னிடம் தமிழில் பேசட்டுமே! அவள் மலையாளி. அவள் சொன்னது ‘பற’. அவர்களுக்கு அதுவும் ‘சொல்லு’ என்றுதான் அர்த்தம்.

“எடீ, பழைய கம்ப்யூட்டர் மெமரியில் ரெண்டு எழுத்துக்குத்தான் இடம். ‘பற’ ரெண்டெழுத்து. நின்டெ ‘சொல்லு’வை நான் எவிடெ கொண்டு வைக்கும்? ரோட்டிலா?”

“பற-ன்னா எங்க பாஷையில பறந்து போன்னு அர்த்தம். சுவிட்ச் போட்ட உடனே ஓடிப் போன்னு சொல்ற கம்ப்யூட்டர் யாருக்கு வேணும்?”

“நினக்கு வேணும்.”

வாரக்கணக்கில் இது ஓடியது. அதற்குள் அவளுக்குப் புனேயில் வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரயில். போர்டுகள் கூரியரில் வந்து சேர்ந்ததோ வெள்ளிக்கிழமை. கல்லூரி முதல் வருஷத்தில் இருந்து ஒன்றாகக் கனவு கண்டது. அவள் ரயிலேறுவதற்குள் அந்தத் திரையில் ஒரே ஒரு சொல்லை இரண்டு பேரும் சேர்ந்து பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் வேண்டுதல். தனியாக முடித்து வீடியோ அனுப்புவதெல்லாம் அவளுக்கும் ஆகாது, எனக்கும் ஆகாது.

சிப்பின் கால்கள் தலைமுடி மாதிரி நெருக்கமானவை. ஒவ்வொன்றாகச் சூட்டுக்கோலால் பற்றவைக்கப் போனால் பக்கத்துக் கால்களும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பதில் போர்டில் சாம்பல் நிறப் பசையைத் தடவி, மேலே சிப்பை வைத்து, மொத்தத்தையும் அடியிலிருந்து சூடாக்கினால் பசை உருகி ஈயமாகிப் பிடித்துக்கொள்ளும். பெரிய கம்பெனிகளில் இதற்கென்றே அடுப்பு உண்டு. எங்களைப் போன்றவர்களுக்கு தோசைக்கல்.

அம்மாவிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“எனக்க கல்லுல ஈயமா? மக்ளே, அந்தக் கல்லுல நீ கையை மட்டும் வச்சுப் பாரு. அடுக்களைப் பக்கமே வரப்படாது ரெண்டுபேரும், சொல்லிட்டேன்.”

சனிக்கிழமை காலையில் இருவரும் சாலைக் கடைத்தெருவுக்குப் போனோம். அங்கே பாத்திரக் கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவர் கல்லைக் கல்லாக எடுத்து வைத்தார். நான் பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்து ஒவ்வொரு கல்லின் மேலும் நிறுத்தி, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தேன். நடுவில் குழிந்த கல்லில் போர்டு சமமாக உட்காராது.

“ஏம்மா, அளவுகோல் வச்சு தோசக்கல்லு வாங்குத பிள்ளைய இப்பத்தான் பாக்கேன். மாப்ள வீட்டுல கேட்டாவளோ?”

“இல்லண்ணே. தட்டையா இருக்கணும்.”

“லேசா குழி இருந்தாத்தாம்மா எண்ணெ நிக்கும். பழக்குன கல்லு ஒண்ணு கெடக்கு, தரட்டா? மொத தோசையே ஒட்டாம வரும்.”

“பழக்காததே போதும்ணே. தோசை சுடல.”

“பின்ன?”

தோழிக்குத் தமிழில் பேச ஒரு வாய்ப்பு கிடைத்தால் விடமாட்டாள். “கம்ப்யூட்டர் சுடும், சேட்டா,” என்றாள்.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கடைக்குள் திரும்பி, “ஏல, மேல் தட்டுல இருக்க தட்டக்கல்ல எடு. கம்ப்யூட்டருக்காம்!” என்று குரல் கொடுத்தார். கல்லைத் தாளில் சுற்றிக் கொடுக்கும்போது, “வெந்த பெறவு எனக்கும் ஒண்ணு கொண்டாங்க, சட்டினி நான் தாரேன்,” என்றார். பேருந்து நிறுத்தம் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தோம்.

வீட்டுக்குப் பின்புறம், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், சின்ன கேஸ் அடுப்பை வைத்தோம். அவள் பசையைத் தடவினாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இடுக்கியால் சிப்பை வைத்தேன். எவ்வளவு கவனமாக வைத்தும் ஒரு மயிரிழை கோணல்.

“தொடாதே. விடு,” என்றாள்.

கல் சூடேறியது. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பசை வியர்த்தது. மெல்லிய புகை எழுந்தது. சாம்பல் நிறம் ஒரு மூலையிலிருந்து மாறத் தொடங்கி, வாசலில் வெயில் ஏறுவதுபோல, போர்டு முழுக்கப் பளபளவென்று வெள்ளியானது. அப்போதுதான் அது நடந்தது. கோணலாக உட்கார்ந்திருந்த சிப், யாரும் தொடாமலே, லேசாக நெளிந்து, திரும்பி, தன் இடத்தில் சரியாகப் போய் உட்கார்ந்தது. உருகிய ஈயம் எல்லாக் கால்களையும் ஒரே சமயத்தில் இழுப்பதால் அப்படி ஆகும். ஏன் என்று எனக்குத் தெரியும், பரீட்சையிலேயே எழுதியிருக்கிறேன். ஆனாலும் கத்திவிட்டேன். அவளும் கத்தினாள். அம்மா ஓடிவந்து, “யாருக்கு பிள்ளே கை பொள்ளிச்சு?” என்றாள்.

கல் ஆறும்வரை பின்படியில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே அம்மாவுக்கு நாகர்கோவிலிலிருந்து சித்தி போன் செய்தாள். அவ்வளவு நேரமும் சித்திதான் பேசினாள். அம்மா பக்கத்திலிருந்து கேட்டது ஒரே சொல். “சரி… சரி… ம், சரி.” அது முடிந்த கையோடு குடியிருப்போர் சங்கத்திலிருந்து யாரோ தண்ணீர் லாரி விஷயமாக அழைத்தார்கள். இப்போது மலையாளம். “சரி… ஆ, சரி. சரி சாரே.”

தோழி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

“ரெண்டெழுத்து,” என்றாள்.

“‘Ok’-க்கு அர்த்தமும் அதுதானே,” என்றேன்.

வாரக்கணக்கில் வாயைக் கொடுத்துச் சண்டை போட்டோம். விடை வீட்டுக்குள் நாளெல்லாம் போனில் ஒலித்துக்கொண்டே இருந்திருக்கிறது. லேப்டாப்பைத் திறந்தேன். எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் ஒரு ‘ச’, அடுத்த கட்டத்தில் ஒரு ‘ரி’. அவள் பிடுங்கிக்கொண்டு மலையாளத்தில் அதே இரண்டை வரைந்தாள். எந்த எழுத்தில் வர வேண்டும் என்று மறுபடி சண்டை மூளப் பார்த்தது. நல்லவேளை, எதற்கும் இருக்கட்டும் என்று போர்டின் ஓரத்தில் அவள் வைத்திருந்த சின்னத் தள்ளு சுவிட்ச் ஒன்று வேலையில்லாமல் கிடந்தது. அதன் ஒரு பக்கம் மார்க்கரால் ‘த’ என்று எழுதினேன், மறுபக்கம் ‘ம’. முதல் தடவை எது என்று காசு சுண்டினோம். தமிழ் விழுந்தது. நான் ஆடிய ஆட்டத்தை இங்கே எழுத மாட்டேன்.

ஞாயிறு காலையில் தோழி பயணப் பெட்டியோடு வந்துவிட்டாள். மீதி இருந்தது கனெக்டர்கள் மட்டும்தான்: திரைக்கு ஒன்று, விசைப்பலகைக்கு ஒன்று. பற்றவைப்பதற்கு முன் அளந்து பார்ப்பது அவள் பழக்கம். மீட்டரின் முனைகளை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

“எடீ. இது நீ எவிடெ நின்னு நோக்கி வரைச்சது?”

“முன்னால இருந்து.”

“படம் பின்னால இருந்துள்ளதாணு.”

கனெக்டர் செய்தவர்கள் தந்த படத்தை எடுத்துப் பார்த்தேன். மூலையில் எறும்பு மாதிரி எழுத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. நான் வரைந்த இரண்டுமே, ஆம்புலன்ஸ் நெற்றியில் எழுதியிருப்பதுபோல, இடம் வலமாக மாறியிருந்தன. புதுப் போர்டு செய்து வர இரண்டு வாரமாவது ஆகும். ரயிலுக்கு இருந்ததோ அரை நாள். இவள் புனேயில் ஏதோ ஒரு ஹாஸ்டலில் உட்கார்ந்து என் வீடியோவைப் பார்க்கப் போகிறாள், ‘சூப்பர்’ என்று ஒரு கட்டைவிரல் அனுப்பப் போகிறாள். அத்தோடு முடிந்தது கதை.

“தலதிரிஞ்ஞவளே!” என்று தலையில் ஒரு கொட்டு வைத்தாள். எதையும் ஏறுக்குமாறாகச் செய்கிற பெண்ணை இந்த ஊரில் அப்படித்தான் திட்டுவார்கள். தலை திரும்பியவள்.

கொட்டு வலித்ததா, சொல் உறைத்ததா தெரியவில்லை. அவள் கையிலிருந்து போர்டைப் பிடுங்கித் தலைகீழாகத் திருப்பினேன். கனெக்டரின் கால்கள் நுழைகிற துளைகள் போர்டின் இரண்டு பக்கமும் திறந்தவைதானே! மேலே உட்கார வேண்டிய கனெக்டர் அடிப்பக்கத்தில் உட்கார்ந்தால் இடம் வலம் தானாகவே நேராகிவிடும். அவள் அடிப்பக்கத்திலிருந்து மீட்டரை வைத்தாள். ஒவ்வொரு துளைக்கும் பீப் பீப் என்று பதில் வந்தது.

“எங்கனெ உண்டு, எப்படி இருக்கு?” என்றேன் அவள் குரலிலேயே.

“வாயை மூடிட்டு ஈயக் கம்பி எடு.”

பற்றவைத்து முடித்து, நான்கு மூலைக்கும் தேங்காயெண்ணெய் பாட்டில் மூடிகளை முட்டுக்கொடுத்து, போர்டைக் கவிழ்த்து வைத்தோம். சிப், விளக்குகள், மார்க்கர் எழுத்து எல்லாம் மேஜையைப் பார்த்தபடி இருந்தன. எங்களைப் பார்த்தது வெறும் பச்சை முதுகு. அப்பாவின் கடையில் பில் போடுகிற மானிட்டரைக் கடன் வாங்கி வந்திருந்தேன். அதை இணைத்தேன். அடியில் விரலை விட்டு, தடவிப் பார்த்து, சுவிட்சை நினைவில் இருந்த ‘த’ பக்கம் தள்ளினேன். மின்சாரத்தை இரண்டு பேருமாகச் சேர்ந்து கொடுத்தோம், ஒரே பிளக்கை இரண்டு கைகள் பிடித்து.

கறுப்பு. பிறகு நீலம்.

இடது மூலையில் இரண்டெழுத்து. அதன் கீழே காத்திருக்கும் கட்டம்.

கத்தலில் தெரு நாய் குரைத்தது. அவள் என்னைத் தூக்கியேவிட்டாள். இறக்கிவிட்ட பிறகுதான் திரையை ஒழுங்காகப் பார்த்தேன். ‘சரி’தான். ஆனால் வளைந்து வளைந்து, உருண்டு திரண்டு, அச்சு அசல் மலையாளத்தில்.

“கவுத்து வச்சா சுவிட்சும் மாறும், தலதிரிஞ்ஞவளே!” அவளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். “நீயே தள்ளின, நான் தொடல. அம்மே, நோக்கு!”

அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தாள். “என்னத்துக்காக்கும் சரி சொல்லுது? நான் ஒண்ணும் கேக்கலியே,” என்றாள்.

தோழி கிளம்பும்வரை அதனோடு விளையாடினோம். இரண்டும் இரண்டும் கூட்டச் சொன்னோம், வட்டம் வரையச் சொன்னோம், அவள் ஊர்ப் பெயரைத் திரை முழுக்க எழுதச் சொன்னோம். ஒவ்வொன்றையும் முடித்துவிட்டு அது பணிவாகச் சொன்னது: சரி. பிறகு ஆட்டோ வந்தது.

ரயில் கொல்லம் தாண்டியிருக்கும், போன் செய்தாள்.

“ஓடுதா?”

“ஓடுது.”

“எந்தா பறயுது?”

“சரின்னு.”

“எந்த சரி?”

“காதுல கேட்டா ரெண்டும் ஒண்ணுதானே!”

தண்டவாளச் சத்தத்துக்கு மேல் அவள் கத்தினாள்.

“கள்ளி! மாத்திட்டே அல்லே?”

என் விரல் அப்போதும் போர்டுக்கு அடியில்தான் இருந்தது.