சைகோன் பாட்டிலும் சிவப்பு அரக்கும்

போன வாரம் காரைக்குடியில் பழைய சாமான் விற்கிற தெருவுக்குப் போயிருந்தேன். இடிக்கிற வீடுகளின் தூணும் கதவும் அங்கேதான் வந்து சேர்கின்றன. ஒரு கடையில், பீங்கான் ஜாடிகளுக்கு நடுவே, அடியில் ஆழமாகக் குழி விழுந்த பச்சைப் பாட்டில் ஒன்று நின்றது. எடுத்து முகர்ந்தேன். "என்ன ஆச்சி மோந்து பாக்குறீக? வெறும் பாட்டிலு" என்றான் கடைக்காரன். வெறும் பாட்டில் என்று சொன்னால் நம்புகிற வம்சமா நான்!

எங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தது. நான் பிறந்தபோது அப்பச்சி, அதாவது என் அப்பா, சைகோனில் தொழில் பார்த்துக்கொண்டிருந்தார். சேதி கேட்டு அங்கே பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்கார துரை ஒருவர் ஒயின் பாட்டில் கொடுத்தாராம். வைக்க வைக்கத்தான் அதற்கு ருசி. பெண்ணின் கல்யாணத்துக்குத் திறந்து ஆளுக்கு ஒரு வாய் குடியுங்கள் என்றாராம். அப்பச்சி நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர். இருந்தும் வாக்குக் கொடுத்துவிட்டார்.

என் பெயர் எழுதிய சீட்டைக் கட்டி, உள்ளறையில் அதைப் படுக்கவைத்திருந்தார். மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் ஊர் வந்தால், காலைக் கழுவியதும் அந்த அறைக்குத்தான் போவார். பாட்டிலைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அரக்கு வைத்து மூடிய கழுத்தைத் தடவிப் பார்த்து, திரும்பப் படுக்கவைப்பார். என் ஆத்தாவுக்கு வயிறு எரியும். "பெத்த புள்ளையப் பாக்கல, பொண்டாட்டியப் பாக்கல, பாட்டிலப் பாக்கப் போயிட்டாக. துரை குடுத்தானாம் துரை! எந்தத் துரைசானி குடுத்தாளோ!" என்று என்னிடம்தான் முணுமுணுப்பாள். அவளோடு சேர்ந்து நானும் சந்தேகப்படக் கற்றுக்கொண்டேன். அப்பச்சி சிரித்தால்கூட எதற்குச் சிரிக்கிறார் என்று யோசிப்பேன்.

எனக்குப் பதினாறு வயதில் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை கண்டனூர். எங்களில் பெண் பிறந்த நாளிலிருந்தே சாமான் சேர்ப்பார்கள். கல்யாணத்தின்போது அத்தனையையும் கூடத்தில் பரப்பிவைக்க, மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து பார்ப்பார்கள். பரப்பியது என் சின்னத்தா. என் பெயர் போட்டது ஒரு கரண்டிகூட விட்டுப்போகக் கூடாது என்று அவளுக்கு வைராக்கியம். சீட்டைப் பார்த்தாள், பாட்டிலைத் துடைத்து வெள்ளிக் குத்துவிளக்குகளுக்கு நடுவே நிறுத்திவிட்டாள். மகராசி!

என் மாமியாராக வரவிருந்த ஆச்சி ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தவர் அங்கே நின்றார். "இது என்னது? சீமைச் சாராயமா? சம்பந்திக்கு இந்தப் பழக்கம் வேற இருக்கா?"

நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் தாலிக்குக் கழுத்துரு என்று பெயர். அது என் கழுத்தில் ஏறுமா என்பதே அந்த ஆச்சியின் வாயில் இருந்தது. அப்பச்சி பொய் சொல்லத் தெரியாமல் விழித்தார்.

"காடி ஆச்சி, ஊறுகாய்க்கு ஊத்துற வினிகரு" என்றாள் ஆத்தா.

"அப்படியா? தொறங்க, மோந்து பாப்போம்."

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அப்பச்சி பாக்குவெட்டி முனையால் சிவப்பு அரக்கைப் பெயர்த்துத் தக்கையை நோண்டி எடுத்தார். மாமியார் குனிந்து முகர்ந்தார். மூக்கைச் சுளித்தார். "அட, காடிதான்! நல்லாப் புளிச்சிருக்கே. இதையுமா பரப்புவீக?" என்று சிரித்தார். கூடமே சிரித்தது. அப்பச்சி மட்டும் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

எல்லாரும் சாப்பிடப் போனதும் ஆத்தாவைப் பிடித்துக்கொண்டு, காடி என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "உனக்கு ரெண்டு வயசுல தொறந்து பாத்தேன்டி. உள்ள லெட்டரு கிட்டரு இருக்கோன்னு. மேல கறுப்பு அரக்கு இருந்துச்சு. நம்ம வீட்டுல செவப்புத்தான் கெடந்துச்சு, அத உருக்கி ஒட்டிட்டேன். அப்பறம் ஒரு தரம் மோந்தேன், புளிச்சுப் போயிருந்துச்சு" என்றாள்.

அப்பச்சி வந்தார். பரப்பிய சாமானில் இருந்த, குழந்தைக்குப் பால் புகட்டுகிற வெள்ளிப் பாலாடையை எடுத்து அந்தக் காடியை ஊற்றினார். "ஆளுக்கு ஒரு வாய்னு சொல்லியிருக்கேன்" என்று முதலில் தான் குடித்தார். பிறகு ஆத்தா, பிறகு நான். மூன்று பேருக்கும் கண்ணில் தண்ணீர். ஆத்தாவுக்கு மட்டும் அது நிற்கவில்லை.

எனக்குப் பிள்ளைகள் பிறந்து எத்தனையோ காலம் கழித்துத்தான் இது உறைத்தது. பதினாலு வருஷமாக, ஒவ்வொரு தடவையும் பாட்டிலின் கழுத்தைத் தடவிப் பார்த்த மனுஷர், கறுப்பு சிவப்பானதைப் பார்க்காமலா இருந்திருப்பார்? ஆத்தா திறந்தது அவருக்குத் தெரியும். ஏன் திறந்தாள் என்பதும் தெரிந்திருக்கும். ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெண்டாட்டி மனம் நோகக் கூடாது என்றா, கேட்டால் பதில் சொல்ல வேண்டிவரும் என்றா?

யுத்தத்தோடு சைகோன் தொழில் போயிற்று. அப்பச்சி போனார், ஆத்தா போனாள், பங்காளிகள் பிரித்ததில் அந்த உள்ளறையும் இடிந்தது. கடைக்காரன் பாட்டிலைக் கொடு என்று கை நீட்டினான். இன்னொரு தடவை முகர்ந்தேன். காடி வாசம்கூட இல்லை. துரை இருந்தாரா, துரைசானி இருந்தாளா? கேட்டிருக்க வேண்டியவள் கேட்கவில்லை. எனக்குக் கேட்கத் தோன்றியபோது யாரும் இல்லை.