என் மனைவி என்னைத் திட்டுவதில்லை

இரண்டு வருடமாக என் மனைவி என்னைத் திட்டுவதில்லை. கேட்பவர்களுக்கு இது பெரிய கொடுப்பினையாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை.

அதற்கு முன்பு முப்பத்தைந்து வருடம் அவளிடம் இருந்தது ஒரே ஒரு திட்டு. குழம்பில் உப்பு குறைவு என்று நான் வாயைத் திறந்தாலும் போதும், சண்டை கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும். "பெத்த பொண்ணு சாவுறப்போ சீட்டாடினவன்தானே நீ!" நானும் பதிலுக்குக் கத்துவேன். ஒரு நாளாவது, ஆமாம், தப்புதான், மன்னித்துவிடு என்று சொன்னதில்லை. சொல்லிக்கொள்ளலாம், எங்கே போய்விடப் போகிறாள் என்று இருந்துவிட்டேன்.

நடந்தது இதுதான். அப்போது நாங்கள் கோலார் தங்கவயலில் குடியிருந்தோம். எனக்குப் பெங்களூர் அடுகோடியில் ஒர்க்‌ஷாப் வேலை. விடிகாலை ரயிலில் போய்ச் சாயங்கால ரயிலில் திரும்ப வேண்டும். நான்கு பேர் எதிரெதிரே உட்கார்ந்து முழங்கால்கள் மேல் துண்டை விரித்துவிட்டால் ஊர் வரும்வரை சீட்டுதான். எங்கள் மூத்த பெண்ணுக்கு அப்போது மூன்று வயது. நாலு நாளாகக் காய்ச்சல். "மத்தியான ரயிலுக்கே வந்துடுயா, ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போவணும்" என்று கிளம்பும்போதே சொன்னாள். மேஸ்திரி அனுமதி கொடுத்துவிட்டார். நான்தான் போகவில்லை. மத்தியான ரயிலில் எங்கள் கூட்டம் இருக்காது. காய்ச்சல்தானே, சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அன்றைக்குச் சீட்டு நன்றாக விழுந்தது. வீட்டுக்குப் போனபோது குழந்தையைப் பாயில் கிடத்தியிருந்தார்கள். இவள் தனியாக இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்திருக்கிறாள். வழியெல்லாம் அது "அப்பா வருதா, அப்பா வருதா" என்று கேட்டுக்கொண்டே இருந்ததாம்.

இப்போது பெங்களூர் ஜீவனஹள்ளியில் இளைய மகள் வீட்டு மாடியில் இருக்கிறோம். இரண்டு வருடம் முன்பு சம்பந்தியம்மா வந்திருந்தபோது மூத்தவள் பேச்சு வந்தது. என் மனைவி சொன்னாள்: "இவரு மத்தியான ரயிலுக்கே ஓடியாந்தாரு. கால்ல செருப்புகூட இல்ல. கொழந்தய தோள்ல போட்டுனு ஓடனாரு பாரு! இவரு மடியிலதான் உசுரு போச்சு." நான் திருத்தவில்லை. உள்ளதைச் சொல்வதானால், அவள் சொன்னது எனக்கு இனித்தது.

அந்த இனிப்பு ஒரு வாரம்கூட இருக்கவில்லை. அவளுக்கு மறதி ஒன்றும் கிடையாது. ரேஷன் கார்டு எந்தப் பெட்டியில், எனக்கு எந்த மாத்திரை எப்போது, எல்லாம் அத்துப்படி. இந்த ஒன்று மட்டும் வயதான மனதுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வேறாகிவிட்டது. தனியாக நடந்தவளுக்குத் துணையாக ஒருவன் வந்துவிட்டான். எனக்கோ வயது ஏற ஏற அந்த நாள் துல்லியமாகிக்கொண்டே போகிறது. அந்தத் துண்டின் கரை நிறம்கூடத் தெரிகிறது. இனி யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பேன்?

நேராகவே சொல்லிப் பார்த்தேன். "நான் வரலடி. சாயங்காலம்தான் வந்தேன்." அவள் சிரித்தாள். "உனக்கு வயசாயிடுச்சுயா. எனக்குத் தெரியாதா?" மகளிடம் போய், நீயாவது எடுத்துச் சொல் என்று கெஞ்சினேன். அந்தத் திட்டைக் கேட்டே வளர்ந்தவள் அவள். "விடுப்பா. அம்மா இப்பதான் நிம்மதியா இருக்குது. அதையும் கெடுக்கணுமா?" என்றாள். அவள் கேட்டதிலும் தப்பில்லை. ஆனால் மன்னிப்புக் கேட்காமலே நான் செத்துப்போய்விடுவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து, வேறொருவன் கதையாக ஆரம்பித்தேன். எங்களோடு ரயிலில் வந்தவன் ஒருவன். குழந்தைக்குக் காய்ச்சல், மத்தியானமே வா என்று பெண்டாட்டி சொல்லியிருந்தாள், அவன் சீட்டாடிக்கொண்டு சாயங்காலம் வந்தான், அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவ்வளவுதான் சொன்னேன். அவள் கை நின்றது. முகம் மாறியது.

"த்தூ! அவன்லாம் ஒரு அப்பனா? அந்தப் பொம்பள எப்படித் துடிச்சிருப்பா! சாவற வரைக்கும் அவன மன்னிக்கவே கூடாது."

அதே பழைய குரல். கண்டுபிடித்துவிட்டாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். கும்பிடுவதற்காகக் கைகளைத் தூக்கினேன்.

ஈரக் கையால் அவள் என் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "நீ ஏன்யா அழுவுற?" என்றாள். "எல்லா ஆம்பளையும் உன்ன மாதிரி இருப்பாங்களா?"